‘சோதனை எலி’ என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பெருநகரங்களுக்கு வெளியே, ஒரு வட்டாரத்துக்கே வைத்தியம் பார்க்கும் நடுத்தர மருத்துவமனைகளை நடத்துகிறவர்கள் நீங்கள். நான் மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறவள். டாக்டர், நோயாளி, பணம் போடும் ஸ்பான்சர், ஆய்வு நோயாளிக்கு நியாயமானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு என்று நாலு பக்கமும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் என் தொழில்.

உங்களைப் போன்ற மூன்று நிர்வாகக் குழுக்களின் முன் உட்கார்ந்து, ஓர் ஆய்வை உங்கள் இடத்தில் நடத்த அனுமதி கேட்டிருக்கிறேன். மூன்றிலும் மறுப்பு. ஒரு கூட்டத்தின் குறிப்பில், “நம்மை நம்பி வரும் நோயாளிகள் சோதனை எலிகள் அல்லர்” என்று எழுதியிருந்தார்கள். நல்ல வாக்கியம்தான். அதற்குள் இருக்கும் கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கோபத்தை வைத்து எடுத்த முடிவோடுதான் சண்டை.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து நடந்ததைப் படித்தால் யாருக்கும் வயிறு எரியும். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். என்ன நோய் என்றே அவர்களிடம் சொல்லவில்லை. பென்சிலின் அந்த நோயைத் தீர்க்கும் என்று தெரிந்த பிறகும் கொடுக்கவில்லை. விட்டுவைத்தால் நோய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையே, மனிதர்கள்மேல் ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் நியூரம்பெர்க் விதிகள் 1947-ல் வந்துவிட்டன, அதே நோக்கத்தோடு 1964-ல் ஹெல்சிங்கி பிரகடனமும் வந்துவிட்டது. ஹெல்சிங்கிக்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் டஸ்கீகி நடந்தது. ஆகவே, “இப்போது சட்டமெல்லாம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்று சொல்ல நான் வரவில்லை. சட்டம் காகிதத்தில் இருக்கும். அதைக் காப்பாற்றுவது ஆய்வு நடக்கும் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். அந்த ஆட்களாக நீங்கள் இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மறுத்ததால் உங்கள் நோயாளிகள் சோதனையிலிருந்து தப்பிவிட்டதாக நினைத்தால், உங்கள் மருந்தகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அலமாரியில் இருக்கும் நவீன மருந்துகள் எல்லாம் யாரோ ஒருவரின் உடம்பில் சோதிக்கப்பட்டுத்தான் அங்கே வந்திருக்கின்றன. சோதனை ஊரார் உடம்பில், பலன் நமக்கு என்று இருப்பது பாதுகாப்பான ஏற்பாடுபோலத் தெரியும். அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஊரார் உடம்புக்கு ஒத்துக்கொண்டது நமக்கு ஒத்துக்கொள்ளும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபைன் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த மருந்து. சிலருக்கு மட்டும் அது தோலையே உரித்துப்போடும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயைக் கிளப்பும். அதற்கும் ஒரு குறிப்பிட்ட மரபணு வகைக்கும் உள்ள தொடர்பை 2004-ல் தைவானில்தான் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு ஆசியாவின் பல பகுதிகளில் உண்டு, ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிக அரிது. ஐரோப்பாவில் மட்டும் ஆய்வு நடந்துகொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா?

“ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்” என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். அது ‘பேர்’ அல்ல, ‘வேர்’, ஆயிரம் வேரை அறிந்தவன் என்பதே பொருள் என்று திருத்துகிறவர்களும் உண்டு. என் தொழிலில் இருந்து பார்த்தால் இரண்டு பாடமும் சரியாகத்தான் படுகிறது. முறையாகச் சோதிக்காத வைத்தியம், நல்ல எண்ணத்தோடேயே ஆயிரம் பேரைக் கொல்லும்.

1980-களில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு, இதயத் துடிப்பு தாறுமாறாகாமல் இருக்க என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்ற மருந்துகளைக் கொடுத்துவந்தார்கள். கொடுத்தவுடன் ஈசிஜி அழகாகிவிடும். டாக்டருக்கும் திருப்தி, நோயாளிக்கும் திருப்தி. கடைசியில் ‘காஸ்ட்’ என்ற ஆய்வில் மருந்தையும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். 1989-ல், ஆய்வில் இந்த மருந்துகளைச் சோதித்த பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். “என் நோயாளிக்கு வெற்று மாத்திரை விழுந்துவிட்டால்?” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் என்னைக் கேட்பார். காஸ்ட் ஆய்வில் வெற்று மாத்திரை விழுந்தவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள். இந்தப் பதிலைச் சொன்னால் அறையில் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். (நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் கடும் நோய்களில், அதை நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை மட்டும் கொடுக்கும் ஆய்வை எந்த ஒழுங்கான நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் நடக்கும், அதற்கு மேல்தான் புது மருந்தோ வெற்று மாத்திரையோ.)

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மனித உடம்பில் முதன்முதலாக மருந்தைச் செலுத்திப் பார்ப்பது முதல் கட்ட ஆய்வு. சில டஜன் பேரை வைத்து, அதற்கென்றே உள்ள பிரிவுகளில் நடக்கும். ஆபத்து இல்லாததல்ல. 2006-ல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஏற்றிக்கொண்ட ஆறு பேரும் ஒரு நாளுக்குள்ளேயே தீவிர சிகிச்சைக்குப் போக நேர்ந்தது. நான் உங்களிடம் கொண்டுவந்தது மூன்றாம் கட்டம். முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டி, நூற்றுக்கணக்கில் அல்லது ஆயிரக்கணக்கில் நோயாளிகளைச் சேர்த்து, பழைய சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிலை. முதல் கட்டத்துக்குள் நுழையும் மருந்துகளில் பத்தில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெறும். மூன்றாம் கட்டம் வரை வந்ததே பெரிய வடிகட்டல்.

இனி நோயாளிக்கு என்ன லாபம் என்பதற்கு வருகிறேன். இங்கே என்னோடு வேலை பார்க்கும் சிலருக்கு என்மேல் வருத்தம் வரலாம். “ஆய்வில் சேர்ந்தால் புது மருந்து கிடைக்கும், நோய் சீக்கிரம் குணமாகும்” என்று நோயாளியிடம் ஆசை காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பொய். புது மருந்து நல்லதா என்று தெரியாததால்தானே ஆய்வே நடக்கிறது? ஆய்வில் சேர்ந்தவர்களையும், வெளியே அதே மாதிரி சிகிச்சை பெற்ற அதே மாதிரி நோயாளிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2008-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டது. இரு தரப்புக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது அதன் முடிவு. சேர்ந்ததால் கெடுதல் இல்லை, சேர்ந்ததாலேயே கூடுதல் குணமும் இல்லை. சேர்வதா என்று யோசிக்கும் நோயாளியிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் ‘அதே மாதிரி சிகிச்சை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தச் சிகிச்சை வெளியே எல்லோருக்கும் கிடைக்கிறதா? உங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்கு டாக்டரோடு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆய்வில் இருக்கும் நோயாளிக்கு ஒவ்வொரு விசிட்டுக்கும் ஒரு நாள் குறித்திருக்கும். வராவிட்டால் நான் போன் செய்வேன். முந்தைய விசிட்டுக்குப் பிறகு தலைவலித்ததா, வேறு ஏதாவது மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாரா, மிச்சம் எத்தனை மாத்திரை என்று எண்ணிப் பார்ப்போம். ரத்தப் பரிசோதனை எண் ஒன்று எல்லை தாண்டினால் டாக்டர் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டே ஆக வேண்டும், பார்க்கவில்லை என்றால், ஸ்பான்சர் சார்பில் கோப்புகளைச் சரிபார்க்கும் மானிட்டர் வந்து கேள்வி கேட்பார். சர்க்கரை நோய் ஆய்வு ஒன்றில் சேர்க்கும் முன் செய்த சோதனையில் ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பது தெரிந்தது. அதனாலேயே அவர் ஆய்வில் சேர முடியாமல் போனது. சிறுநீரகத்துக்கு வைத்தியம் அன்றே தொடங்கியது. ஆய்வில் சேராத அவர்தான் அந்த ஆய்வால் அதிகப் பயன் அடைந்தவர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இந்த ஒழுங்கு ஆய்வு நோயாளியோடு மட்டும் நிற்பதில்லை, வார்டுக்கும் பரவுகிறது. இங்கிலாந்தில் பெருங்குடல் புற்றுநோய் வந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை எடுத்து, எந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார்கள் என்று பிரித்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆய்வுகளில் நிறைய நோயாளிகளைச் சேர்த்துவந்த மருத்துவமனைகளில், பிழைத்தவர்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. ஆய்வில் சேராத நோயாளிகளும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆய்வுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நல்ல மருத்துவமனைதான் ஆய்வையும் நடத்துகிறதோ என்னவோ. ஆனாலும், எழுதி வைக்கும் பழக்கமும் எண்ணிப் பார்க்கும் பழக்கமும் ஒரு நர்ஸுக்கு வந்துவிட்டால் பக்கத்துக் கட்டிலுக்கு மட்டும் அதை மறந்துவிடுவாரா?

அடுத்த தலைமுறை நோயாளிக்குக் கிடைப்பதோ அளவில்லாதது. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய் வகையில், 1960-களின் தொடக்கத்தில் பத்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிது. இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. நடுவில் ஓர் அற்புத மருந்து வந்து இதைச் சாதித்துவிடவில்லை. இருக்கிற மருந்துகளையே எந்த அளவில், எந்த வரிசையில், எவ்வளவு காலம் கொடுப்பது என்று ஆய்வு மேல் ஆய்வாக நடத்தி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. அந்த ஆய்வுகளில் பெற்றோர் கையெழுத்திட்ட பல குழந்தைகள் இன்று இல்லை.

“இதெல்லாம் பெரிய ஆராய்ச்சி நிலையங்களின் வேலை, நமக்கு எதற்கு?” என்று உங்களில் ஒருவர் கேட்டது நினைவிருக்கிறது. 1956-ல் சென்னையில் நடந்த காசநோய் ஆய்வைத்தான் அவருக்குப் பதிலாகச் சொல்வேன். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. படுக்கைகளைவிட நோயாளிகள் பல மடங்கு. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் அதே மருந்துகள்தான், ஒரு பாதிக்கு சானடோரியத்தில், மறுபாதிக்கு வீட்டிலேயே. வீடு என்றால் நெருக்கடியான ஏழை வீடு, சத்துக் குறைந்த சாப்பாடு. ஓராண்டு முடிவில் இரண்டு தரப்பிலும் பலன் ஏறக்குறைய சமம். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு பெரிய காரணம். படுக்கை மிச்சமிருந்த நாட்டில் யாருக்கும் இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது. பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் அது பிறந்தது, பதிலும் அங்கேயேதான் கிடைத்தது.

கோவிட் காலத்தில், எந்த மருந்து உதவும் என்று சோதித்த ‘ரெக்கவரி’ ஆய்வும் இப்படித்தான். 2020 மார்ச்சில் தொடங்கி பிரிட்டனில் 170-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் நடந்தது, பெரும்பாலும் சாதாரண மருத்துவமனைகள்தான். படிவத்தைச் சுருக்கி, வேலையில் மூழ்கியிருக்கும் டாக்டரும் சேர்க்க முடிகிற மாதிரி வைத்தார்கள். ஜூனிலேயே முடிவு வந்துவிட்டது. எல்லா இடத்திலும் மலிவாகக் கிடைக்கும் பழைய மருந்தான டெக்ஸாமெதசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. உலகமே நம்பிக்கொண்டிருந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பயனில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

இனி பணம். கூட்டங்களில் இதைப் பேச எல்லோருக்கும் கூச்சம், வெளியே வந்ததும் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள்.

ஸ்பான்சர் தரும் பணம் பல வகை. தொடங்குவதற்கு ஒரு தொகை, நோயாளி வரும் ஒவ்வொரு விசிட்டுக்கும் ஒரு தொகை, பரிசோதித்துப் பார்த்துச் சேர்க்க முடியாமல் போனவர்களுக்கும் ஒரு தொகை, மருந்தைப் பாதுகாக்கும் மருந்தகத்துக்கு, ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்துவதற்கு, இவற்றுக்கு மேல் நிர்வாகச் செலவென்று ஒரு சதவீதம். இங்கிலாந்தில் தேசிய ஆய்வு வலையமைப்புக்காக ஒரு கணக்கு போட்டார்கள். 2016-17 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில், வணிக ஆய்வில் சேர்த்த ஒவ்வொரு நோயாளிக்கும் பொது மருத்துவமனைகளுக்குச் சராசரியாக 9,189 பவுண்ட் வரவு. வழக்கமான மருந்துக்குப் பதில் ஆய்வு மருந்து கொடுத்த இடங்களில் ஆளுக்கு 5,813 பவுண்ட் மருந்துச் செலவு மிச்சம். அந்த வலையமைப்பின் வேலையால் நாட்டுப் பொருளாதாரத்தில் சுமார் 800 கோடி பவுண்ட் மதிப்பு சேர்ந்தது, 47,467 முழுநேர வேலைகளுக்கு ஈடான வேலை உருவானது என்றும் மதிப்பிட்டார்கள். நாடு முழுக்க ஒரே அமைப்பாக மருத்துவமனைகள் உள்ள இடத்தின் கணக்கு இது. உங்களுக்கும் இதே எண் வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன்.

எண்ணைவிட, அந்தப் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஓர் ஆய்வுக்கு ஒருங்கிணைப்பாளர் வேண்டும், ஆய்வு நர்ஸ் வேண்டும், ரத்தம் எடுத்துச் சுழற்றிப் பிரித்து உறைய வைக்கத் தெரிந்த டெக்னீஷியன் வேண்டும், விவரங்களைக் கணினியில் ஏற்ற ஆள் வேண்டும். இவர்களை வேறெங்கிருந்தோ பிடித்துவர முடியாது, தினமும் வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். அறிவியல் படித்துவிட்டு வேலைக்காகப் பெருநகரத்துக்குப் பெட்டி கட்டும் பிள்ளைகளுக்கு இது உள்ளூரிலேயே கிடைக்கும் வேலை. மாதிரிகளை உலர்பனிக்கட்டியில் வைத்து எடுத்துப்போகும் கூரியர், ஒப்புதல் படிவத்தை மக்கள் பேசும் மொழியில் எழுதித் தரும் மொழிபெயர்ப்பாளர், மானிட்டர் வந்து தங்கும் விடுதி, அவரை ஏற்றிவரும் டாக்சி என்று சிறுசிறு வரவுகள் சுற்றிலும் போய்ச் சேரும். ஈசிஜி கருவியும் உறைபெட்டியும் பெரும்பாலும் இரவல்தான், ஆய்வு முடிந்ததும் திரும்பக் கேட்பார்கள். பயிற்சி பெற்ற ஆட்களை யாரும் திரும்பக் கேட்பதில்லை. அடுத்த ஆய்வுக்கு இடம் தேடும் ஸ்பான்சர் முதலில் கேட்பது, “இதற்கு முன் செய்திருக்கிறீர்களா?” என்றுதான். அதனால் முதல் ஆய்வைக் கொண்டுவருவதற்குத்தான் பாடு.

இது கெட்டுப்போகும் விதத்தையும் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஒரு மருத்துவமனையில் ஆய்வுப் பணம் பொதுக் கணக்கில் விழுந்து கரைந்தது. நர்ஸுகளுக்குக் கூடுதல் வேலை, கூடுதல் காசு இல்லை. ஒரே ஆண்டில் மூன்று பேர் போய்விட்டார்கள், அடுத்த ஆடிட்டில் கோப்புகள் சிரித்தன. தனிக் கணக்கு வையுங்கள், யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். டாக்டருக்குச் சேர்த்த தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை மட்டும் வேண்டவே வேண்டாம். அது நுழைந்த நாளில் உங்கள் ‘சோதனை எலி’ வாக்கியம் உண்மையாகிவிடும்.

நோயாளிக்குக் கொடுக்கும் பணத்திலும் கவனம் தேவை. அதிகம் கொடுத்தால், காசுக்காக உடம்பைப் பணயம் வைத்ததாகும். ஒன்றுமே கொடுக்காவிட்டால் ஏழையால் வரவே முடியாது.

மார்பகப் புற்றுநோய் ஆய்வு ஒன்றில் ஓர் அம்மா இருந்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெருநகரத்துக்கு வர வேண்டும். இரவு முழுக்கப் பேருந்து, காலையில் ரத்தப் பரிசோதனை, மதியம் மருந்து ஏற்றுதல், மறுபடி இரவுப் பேருந்து. துணைக்கு வரும் மகனுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கூலி போகும். பயணப்படி கொடுத்தோம். மகன் இழந்த கூலிக்கு பட்ஜெட்டில் இடமில்லை. ஏழாவது சுற்றோடு விலகிக்கொள்வதாகச் சொன்னார். மருந்து ஒத்துக்கொண்டிருந்தது, கட்டியும் சுருங்கியிருந்தது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று நான்தான் அவருக்கு விளக்கியிருந்தேன், தடுக்க எனக்கு உரிமை இல்லை. விலகியதற்கான காரணம் என்ற கட்டத்தில் ‘நோயாளியின் விருப்பம்’ என்று எழுதினேன். பேருந்து என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. அவர் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு மருத்துவமனை இருந்தது. எனக்கு மறுப்புச் சொன்ன மூன்றில் அதுவும் ஒன்று.

நீங்கள் கதவைத் திறந்தால், நிபந்தனைகளையும் நீங்களே போடுங்கள். ஸ்பான்சர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நெறிமுறைக் குழுவில் மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் இருக்கட்டும். அவர்களில் ஒருவராவது படிவத்தை வாசித்துவிட்டு “எனக்குப் புரியவில்லை” என்று தைரியமாகச் சொல்கிறவராக இருக்கட்டும். ஒப்புதல் கையெழுத்தை அன்றைக்கே வாங்கக் கூடாது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு பேரிடம் கேட்டுவிட்டு வரட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆய்வால் கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். மருந்து பலன் தந்தால், ஆய்வு முடிந்த பிறகும் அந்த நோயாளிக்கு அது கிடைக்குமா என்று கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். கடைசியாகச் சொன்ன இந்த இரண்டும் ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே பேசப்பட்டவை, நீங்கள் கேட்பது சலுகை அல்ல. பதில் மழுப்பலாக வந்தால் அந்த ஆய்வை நிராகரியுங்கள். அப்படி நிராகரித்தால் நானே கைதட்டுவேன்.

அடுத்த கூட்டத்தில் எந்த ஒப்பந்தத்திலும் நீங்கள் கையெழுத்திட வேண்டாம். ஓர் இடம் ஆய்வுக்குப் பொருந்துமா என்று அறிய ஸ்பான்சர் அனுப்பும் விசாரணைப் படிவத்தின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: இந்த நோயோடு ஆண்டுக்கு எத்தனை பேர் உங்களிடம் வருகிறார்கள்? உங்கள் ஆவண அறைப் பதிவேடுகளில் அதற்குப் பதில் இருக்கிறது. சர்க்கரை நோய், காசநோய், மார்பகப் புற்றுநோய் மூன்றுக்கும் சென்ற ஆண்டுக் கணக்கை மட்டும் எடுத்து வையுங்கள். அவர்களில் எத்தனை பேரைப் பெருநகரத்துக்கு அனுப்பிவைத்தீர்கள், அதில் எத்தனை பேர் போனார்கள் என்பதும் தெரிந்தால் நல்லது. கூட்டம் என்றைக்கு என்று சொன்னால் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கோப்போடு அலையும்
ஓர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர்